நீறு பூத்த காய்



மலாக்காச் சந்தைகளில் 'குண்டுர்' என்னும் மலாய்ப் பெயரால் விற்கும் காயைத் தமிழில் நீற்றுப்பூசணி என்கிறோம். அதன்மேல் படிந்த வெண்பொடியைத் தூசியெனத் துடைப்பாரும் உளர். அது தூசியன்று, தோலே சுரக்கும் மெழுகு. பிஞ்சில் மயிரே உண்டு. முற்ற முற்ற மயிர் உதிர்ந்து நீறு பூக்கும். உள்ளிருக்கும் நீர் வெளியேறாமல் அது தடுப்பதால், முற்றிய காய் மாதக்கணக்கில் கெடாதிருக்கிறது.

'பூக்கும்' என்றோம். ஆங்கிலேயரும் இப்பொடியைப் 'புளூம்', அதாவது பூப்பு, என்றே குறிப்பர். ஒன்றிடமிருந்து ஒன்று கடன் பெறாமலே இரு மொழிகளும் ஒரே வினையைப் பற்றின என்பது எம் கருத்து.

மரபியலார் சென்ற வழி வேறு. கடுகினச் சிறுசெடியான அராபிடாப்சிசில், மெழுகாக்கத்திற்கு உதவும் மரபணு ஒன்று 'செர்-1' எனப்படும். விரித்தால் 'எசெரிஃபெரம்', இலத்தீன் வேர்களின்படி, மெழுகு சுமவாதது. அம்மரபணு பழுதுற்ற செடியின் தண்டு வெண்பூச்சிழந்து பளபளத்தது, அக்குறையே பெயராயிற்று. மெழுகை ஆக்குவதற்கு மெழுகின்மை பெயர்!

தமிழ்ப்பெயரோ கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறது. ஆயினும், நீறு என்பதைத் திருநீற்றில் மட்டுமே அறிந்த மாணவர்க்கு நீற்றுப்பூசணி வெறும் ஒலியே. ஆசிரியர்கள் ஒரு முற்றிய காயை வகுப்பிற்குக் கொண்டுசெல்ல வேண்டுகிறோம். மாணவர் விரலால் ஒரு கோடு இழுக்கட்டும்; விரலில் ஒட்டுவதற்கு என்ன பெயர் என்று பிறகு கேளுங்கள்.