கலாசாலை மாணவர்க்கு வழிகாட்டல்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவிற் கல்வியைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசுமாறு காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். கல்வியின் பெருமையை இச்சபையோர்க்கு எடுத்துரைத்தல் கொல்லன் தெருவில் ஊசி விற்பதாய் முடியும். ஆதலின், கலாசாலையில் இடம் கிடைத்த பின்னர் நம் பிள்ளைகளுக்கு நேர்வது யாது என்னும் ஒன்றையே இன்று பேச விரும்புகின்றேன்.

இடம் கிடைக்கும்வரை நமக்குள்ள கவலை பெரிது. மதிப்பெண்களைக் கூட்டிக் கழித்துப் பார்க்கின்றோம். கலந்தாய்வுக்குப் பிள்ளையோடு குடும்பமே புறப்படுகின்றது. சம்பளம் கட்ட நகையை அடகு வைக்கின்றோம். நமது சங்கமும் இயன்ற அளவில் உதவித்தொகை அளிக்கின்றது. பிள்ளையின் பெயர் பதிவேட்டில் ஏறிய அன்றே நம் கவலை தீர்ந்துவிடுகின்றது. பிள்ளையின் கவலையோ அன்றுதான் தொடங்குகின்றது.

யான் பி.எஸ்ஸி. வகுப்பிற் சேர்ந்தது 1983-ஆம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் எனக்குமுன் கலாசாலை வாயிலை மிதித்தவர் ஒருவருமில்லை. கலாசாலையின் பெயரை இங்குக் கூற வேண்டுவதில்லை. முதற் பருவத் தேர்விற் கணிதத்தில் தவறினேன். மறுமுறை எழுதுவதற்குப் பணம் கட்டக் கடைசி நாள் ஒன்று உண்டென்பதும், அஃது அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பெறும் என்பதும் யான் அறியாதவை. நாள் கடந்துவிட்டது. யாரைக் கேட்பது, என்னவென்று கேட்பது என்று தோன்றாமல், வீட்டுக்கு மட்டும் ‘நன்றாகப் படித்து வருகின்றேன்’ என்று கடிதம் எழுதிக் கொண்டிருந்தேன். விடுதியில் என் அறையிலிருந்த தோழனுக்கும் அதே நிலை. அவன் என்னினும் கூரிய அறிவுடையவன்.

ஒரு நாள் மாற்றுச் சான்றிதழ் கேட்டு அலுவலகத்திற்குச் சென்றேன். அங்கிருந்த எழுத்தர் ஒருவர் என் விண்ணப்பத்தைக் கையில் வாங்காமலே, “ஏன் தம்பி போகிறாய்?” என்று வினவினார். யான் அழுதுவிட்டேன். அவர் என் கையைப் பிடித்து அழைத்துச் சென்று கணித ஆசிரியர்முன் நிறுத்தினார். அடுத்த முறை அத்தேர்வில் தேறினேன். என் தோழன் விண்ணப்பம் கொடுத்த நாளில் அவ்வெழுத்தர் விடுமுறையிலிருந்தார். விண்ணப்பம் ஒரு வினாவுமின்றிக் கையெழுத்தாயிற்று. அவன் ஊர் திரும்பிச் செங்கற் சூளையில் வேலைக்கமர்ந்தான். யான் ஆசிரியனாகி ஓய்வும் பெற்றுவிட்டேன். எங்களிருவரையும் பிரித்தது ஒருவர் கேட்ட ஒரு கேள்வியே அன்றோ?

மாணவன் கேட்டால் சொல்வதற்கு எக்கலாசாலையிலும் ஆசிரியர்கள் இருக்கின்றார்கள். ஆனால், உதவி மிகவும் வேண்டுபவனே கேட்க அறியாதவன். ஆகையால், வழிகாட்டுவோர் மாணவனைத் தேடிச் செல்லுதல் வேண்டும் என்பதே யான் கூறப் புகுந்த பொருள்.

இவ்வெண்ணம் புதியதன்று. ஐக்கிய அமெரிக்க நாட்டு ஹார்வர்டு சர்வகலாசாலையில் 1869-ஆம் ஆண்டு தலைமையேற்ற சார்லஸ் எலியட் என்பார், எல்லோரும் ஒரே பாடங்களைப் படிக்கும் பழைய முறையைத் தளர்த்தி, மாணவர் தாமே பாடங்களைத் தெரிந்துகொள்ளும் முறையைப் பரவச் செய்தார். தெரிவு பெருகவே திகைப்பும் பெருகிற்று. எனவே 1889-ஆம் ஆண்டில் முதலாண்டு மாணவர்க்கு ஆலோசனை கூற அங்கே ஒரு குழு ஏற்பட்டது.

நம் காலத்தில் இதனைச் செய்து காட்டியது, அந்நாட்டிலேயே அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா ஸ்டேட் சர்வகலாசாலையாகும். அங்குப் பயில்வோருட் பெரும் பகுதியினர் எளிய குடும்பத்தினர். 2003-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 32 பேரே ஆறாண்டுகளுக்குள் பட்டம் பெற்றனர். அங்குள்ளோர் பழைய மாணவர்களின் சுமார் 25 லட்சம் தேர்வு முடிவுகளை ஆராய்ந்தனர். அரசியல் விஞ்ஞானத்தை முக்கிய பாடமாகக் கொண்டோருள், முதற் பாடத்தில் உயர்ந்த குறி பெற்றவர் பெரும்பாலும் உரிய காலத்திற் பட்டம் பெற்றனர். ‘சி’ என்னும் நடுத்தரக் குறி பெற்றவருள் நாலில் ஒருவரே பெற்றனர். தேறிவிட்டான் என்று எவரும் கவலைப்படாமல் விட்ட மாணவனே பின்னர் வீழ்ந்தான் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

2012-ஆம் ஆண்டுமுதல் இத்தகைய அறிகுறிகள் 800-க்கு மேற்பட்டவற்றைக் கம்ப்யூட்டரால் நாள்தோறும் கவனித்து, ஒன்று தோன்றிய உடனே ஆலோசகர் தாமே மாணவனை அழைத்துப் பேசும் ஏற்பாடு வந்தது. 700 மாணவர்க்கு ஓர் ஆலோசகர் என்றிருந்த நிலையை மாற்றி, 300 பேர்க்கு ஒருவராக நியமித்தனர். சிறு தொகை கட்ட முடியாமல் நின்றுவிடும் நிலையிலிருந்தோர்க்கு, அவர்கள் கேளாமலே அத்தொகையைக் கொடுத்தனர். சில ஆண்டுகளில் 32 என்பது 54 ஆயிற்று. கறுப்பின மாணவர்க்கும் வெள்ளையர்க்கும் இடையே பட்டம் பெறுவதிலிருந்த தாழ்வும் அங்கே நீங்கியது.

இதில் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. அறிகுறியைக் காட்டும் கணக்கு, மாணவனின் தலைவிதியைக் கூறும் சோதிடமன்று. ‘இப்பாடம் உனக்குக் கடினம், எளியதை எடு’ என்று ஏழைப் பிள்ளையைத் திருப்பிவிடுவதற்கு அதனைக் கருவியாக்கினால், நன்மைக்கு வந்தது தீமையாய் முடியும். நல்ல ஆலோசகர் முதலில், “நீ என்ன ஆக விரும்புகின்றாய்?” என்று கேட்பார், பின்னரே அதற்குரிய வழியையும் அவ்வழியிலுள்ள மேடு பள்ளத்தையும் காட்டுவார்.

நம் நாட்டுக் கலாசாலைகளிலும் இப்பொழுது விருப்பப் பாடங்கள், கிரெடிட் கணக்கு, அரியர் விதிகள் எனத் தெரிந்துகொள்ள வேண்டுவன பல. சில மாணவர்க்கு ஓர் ஆசிரியர் எனப் பிரித்து ஒப்படைக்கும் வழக்கமும் உளது. கலாசாலைகளை மதிப்பிடும் நாக் என்னும் அமைப்பும் அக்கணக்கைக் கேட்கின்றது. ஆயினும் வகுப்பு, தேர்வு, அலுவல் ஆகிய சுமைகளுக்கிடையே அவ்வாசிரியர் ஒவ்வொருவரையும் அழைத்து அமர்த்திப் பேச நேரம் பெறுவது அரிது. அதற்கென நேரமும் ஆளும் ஒதுக்குமாறு நிர்வாகிகளை நாம் கேட்டல் வேண்டும்.

அதுவரை நாம் வாளாவிருத்தல் தகாது. பட்டம் பெற்ற அங்கத்தினர் நம்மிற் பலர் இருக்கின்றனர். ஒவ்வொருவரும் ஐந்து மாணவரை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆண்டில் மூன்று முறை நீங்களே அவர்களை அழையுங்கள்: கலாசாலை திறந்த இரண்டாம் வாரத்தில் ஒரு முறை, முதல் உள்தேர்வு முடிவு வந்தவுடன் ஒரு முறை, அடுத்த பருவத்துப் பாடங்களைத் தெரிவு செய்யுமுன் ஒரு முறை. “எப்படியிருக்கிறாய்?” என்று கேட்டால் “நன்றாக இருக்கிறேன்” என்றுதான் விடை வரும். “எந்தப் பாடம் விளங்கவில்லை? தேர்வுப் பணம் கட்டியாயிற்றா? எத்தனை நாள் வகுப்புக்குப் போகவில்லை?” என்று கேளுங்கள். வேறு சமூகத்துப் பிள்ளை ஒருவன் உங்களிடம் வந்தாலும் அவனுக்கும் சொல்லுங்கள்; அறிவுரை கொடுக்கக் குறைவதன்று.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். தேர்வில் தவறியதை வீட்டிற் சொன்னால் அவமானம் என்று பிள்ளை அஞ்சும்படி வைத்திராதீர்கள். தவறிய பாடத்தை மீண்டும் எழுதலாம். மறைத்து வைத்த துயரமே பிள்ளையைக் கலாசாலையினின்றும் வெளியேற்றுகின்றது.

நாற்பதாண்டுகட்கு முன் ஓர் எழுத்தர் தம் கடமைக்குட்படாத ஒரு வினாவை என்னிடம் கேட்டார். அவருக்கு யான் பட்ட கடனை அவரிடம் தீர்க்க இயலவில்லை. இனி எந்தப் பிள்ளையின் விண்ணப்பமும் ஒரு வினாவுமின்றிக் கையெழுத்தாகாதிருக்க நாம் ஒவ்வொருவரும் முயல்வோமாயின், அக்கடன் தீர்ந்ததாகக் கொள்வேன்.