கீச்சுக் குரல் வேண்டாம்

வயதானவர்களிடம் பேசும்போது நம்மில் பலருக்குக் குரலே மாறிவிடுகிறது. குழந்தையைக் கொஞ்சுவதுபோல இழுத்து, கீச்சென்று, "என்ன தாத்தா, சமர்த்தா மாத்திரை போட்டுக்கிட்டீங்களா?" என்கிறோம். அந்தத் தாத்தா காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அன்பாகத்தான் கேட்கிறோம். அவருக்கோ சுருக்கென்று தைக்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். முதுமையில் காது மந்தமாகும்போது, பெரும்பாலும் முதலில் கேட்காமல் போவது கீச்சுக் குரல்தான். கீச்சென்று பேசப் பேச, அவருக்குப் புரிவது குறைகிறது.

அமெரிக்க முதியோர் இல்லங்களில் ஆராய்ந்து பார்த்தார்கள். மறதி நோய் உள்ளவர்கள்கூட, குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினால் அதிகம் முரண்டு பிடிக்கிறார்களாம். மறதி வந்தாலும் மரியாதை தெரிகிறது அவர்களுக்கு!

கீச்சுக் குரல் வேண்டாம். எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்து, வழக்கமான குரலில் நிதானமாகப் பேசுங்கள். அவர் உடம்பைப் பற்றி மருமகளிடம் விசாரிக்காமல், அவரிடமே கேளுங்கள்.