பழுதுற்ற பகுதியை மட்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் இலக்கியம் பேசுவதும் இசை கேட்பதும் நம் வழக்கம். அவற்றினிடையே முழங்காலைப் பற்றிப் பேச என்னை அழைத்ததற்குச் செயற்குழுவினர் கூறிய காரணம் எளியது. இவ்வரங்கின் படிகளை ஏற இயலாமையால் மூத்த உறுப்பினர் பலர் விழாவுக்கு வருவதையே நிறுத்திவிட்டனராம். மும்பையின் இரயில் நிலையப் படிகளை நாள்தோறும் ஏறி இறங்கி, குடும்பத்தையும் இச்சங்கத்தையும் வளர்த்தவர்கள் அவர்கள். அவர்களுக்காகவே இன்று பேசுகிறேன்.

சென்ற மாதம் இந்நகரில் மூட்டு அறுவை மருத்துவர்கள் சிலர் கூடி, முழங்காலின் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் சிகிச்சையைக் குறித்து ஒரு நாள் முழுவதும் விவாதித்தோம். அங்கே பேசியவற்றுள் வலியோடு வாழ்பவர்கள் அறிய வேண்டியவை சில உண்டு. அவை மருத்துவர்களோடு நின்றுவிடலாகாது.

முழங்கால் ஒரே மூட்டு என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது மூன்று அறைகள் கொண்ட வீட்டை ஒத்தது. உட்புறம் ஓர் அறை, வெளிப்புறம் ஓர் அறை, முன்னே சில்லெலும்புக்கும் தொடையெலும்புக்கும் இடையே ஓர் அறை. எலும்பின் முனைகளைக் குருத்தெலும்பு வழவழப்பாக மூடியிருக்கிறது. மூட்டின் நடுவே இரு தசைநார்கள் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து, எலும்புகள் முன்னும் பின்னும் நழுவாமல் காக்கின்றன. வயது முதிரும்போது பெரும்பாலும் உட்புற அறையின் குருத்தெலும்பே முதலில் தேய்கிறது. கால் வில்லைப் போல் வளைவதும், படி இறங்குகையில் உட்பக்கம் வலிப்பதும் அதனாலேயே. அந்நிலையில் மற்ற இரண்டு அறைகளும் பலருக்கு நல்ல நிலையிலேயே இருக்கின்றன.

ஓர் அறையின் தளம் பெயர்ந்தால் வீட்டையே இடிக்க வேண்டுமா? இதுவே வினா. முழு மூட்டு மாற்றத்தில் மூட்டின் மேற்பரப்பு முழுவதையும் சீவி, உலோகமும் பாலியெத்திலீனும் பொருத்துகிறோம். பெரும்பாலான முறைகளில் முன் குறுக்குத் தசைநாரையும் நீக்கிவிடுகிறோம். பகுதி மாற்றத்திலோ தேய்ந்த அறையில் மட்டும் அவற்றைப் பொருத்தி, தசைநார்கள் இரண்டையும் அப்படியே விட்டுவைக்கிறோம்.

இவ்வெண்ணம் புதியதன்று. 1890-ஆம் ஆண்டு பெர்லினில் தெமிஸ்டோக்கிள்ஸ் குளுக் என்பவர் யானைத் தந்தத்தாலான செயற்கை முழங்காலைப் பொருத்திப் பார்த்தார். 1950-களில் கனடாவில் மாக்கின்டாஷும் அமெரிக்காவில் மக்கீவரும் தேய்ந்த பக்கத்தில் மட்டும் கீழெலும்பின்மேல் ஒரு தகட்டை வைத்தனர். 1974-இல் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் ஜான் குட்ஃபெல்லோ என்ற மருத்துவரும் ஜான் ஓ'கானர் என்ற பொறியியலறிஞரும், உலோகப் பகுதிகளுக்கிடையே நகர்ந்து கொடுக்கும் பாலியெத்திலீன் வில்லை ஒன்றை அமைத்தனர். நம் முழங்காலில் இயற்கை வைத்துள்ள பிறைவடிவக் குருத்தெலும்பின் வேலையை அவ்வில்லை செய்கிறது. 1982 முதல் அதனை ஒரு பக்கத்துக்கு மட்டும் பயன்படுத்தலாயினர். 1998-இல் சிறிய வெட்டின் வழியே அதனைப் பொருத்துவதற்கான கருவிகளும் வந்தன.

ஆயினும் மருத்துவர் பலர் இதனை நாடவில்லை. 1989-இல் கோசின், ஸ்காட் என்னும் இருவர் வகுத்த விதிகள் அதற்கு ஒரு காரணம். அறுபது வயதுக்குக் குறைந்தோருக்கும் 82 கிலோ எடைக்கு மேற்பட்டோருக்கும் இது ஆகாது என்றன அவ்விதிகள். பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் தம் நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, வயதையும் எடையையும் மட்டும் கொண்டு ஒருவரை விலக்க வேண்டியதில்லை என்று காட்டினர்.

இனி நன்மை தீமைகளைச் சீர்தூக்குவோம். 2014-இல் லான்செட் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, பிரிட்டனின் பதிவேட்டிலிருந்து 25,334 பகுதி மாற்றங்களையும் அவற்றுக்கு ஒப்பான 75,996 முழு மாற்றங்களையும் ஒப்பிட்டது. பகுதி மாற்றம் பெற்றோரிடையே சிகிச்சையை ஒட்டிய பெரிய இடர்களும் இறப்பும் குறைவாக இருந்தன. ஆனால் மீண்டும் அறுவை செய்ய நேர்ந்தவர்கள் அவர்களிடையே அதிகம். 2019-இல் அதே இதழில் வந்த வேறொரு கணக்கின்படி, முழு மாற்றத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 82-உம் பகுதி மாற்றத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 70-உம் இருபத்தைந்து ஆண்டுகள் நிலைக்கின்றன. அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வில், 27 மருத்துவமனைகளில் 528 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஐந்தாண்டுகள் கவனித்தனர். வலி தணிவதிலும் நடமாட்டத்திலும் இரண்டு முறைகளும் ஏறக்குறைய ஒத்தே நின்றன. செலவு பகுதி மாற்றத்தில் குறைவு.

மறு அறுவை அதிகம் என்பதைக் கேட்டு அஞ்ச வேண்டா. அதற்கு இரு காரணங்கள் உண்டு. பகுதி மாற்றத்தைப் பிற்காலத்தில் முழு மாற்றமாக ஆக்குவது பெரும்பாலும் எளிது. ஆகவே மருத்துவர்கள் அதற்கு விரைவில் உடன்படுகின்றனர். இரண்டாவது காரணம் எங்களைச் சார்ந்தது. இதனை ஆண்டுக்கு மிகச் சிலவே செய்பவர்களின் கைகளில் மறு அறுவை மிகுதி. தாம் செய்யும் முழங்கால் மாற்றங்களில் ஐந்தில் ஒன்றையேனும் பகுதி மாற்றமாகச் செய்பவர்களிடம் அது குறைவு. பழகிய கைக்கும் பழகாத கைக்கும் உள்ள வேறுபாடு இது. எலும்பைக் குறித்த அளவில் சீவ இயந்திரக் கரங்கள் இன்று துணை செய்கின்றன. ஆனால் எந்த முழங்காலுக்கு எது தகும் என்பதை முடிவு செய்ய வேண்டியவன் மருத்துவனே.

இவ்விடத்தில் என் குறை ஒன்றை உங்கள்முன் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு வலது முழங்காலை மாற்றினேன். மூட்டைத் திறந்தபோது வெளிப்புற அறையின் குருத்தெலும்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. தசைநார்களும் உறுதியாக இருந்தன. அதைக் கண்டும் நான் முழுவதையும் சீவி எறிந்தேன். எனக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது அந்த ஒரு முறையில்தான். புண் நன்றாக ஆறியது. படமும் குறையின்றி இருந்தது. ஓராண்டு கழித்து அந்த அம்மையார், "வலி இல்லை டாக்டர். ஆனால் இது என் கால் போலத் தோன்றவில்லை" என்றார். நாளடைவில் சரியாகும் என்று சொல்லி அனுப்பினேன். சரியாகவில்லை.

ஏழு ஆண்டுகளுக்குப் பின் இடது முழங்காலோடு அவர் மீண்டும் வந்தார். இம்முறை படங்களை நிதானமாகப் பார்த்தேன். தேய்வு உட்புறத்தில் மட்டுமே. பகுதி மாற்றத்தைப் பற்றி அதற்குள் நான் படித்திருந்தேன், செய்து பழகியிருக்கவில்லை. படித்ததை அவர் காலில் சோதித்துப் பார்க்க மனம் ஒப்பவில்லை. வாரந்தோறும் அதனைச் செய்துவரும் இளைய நண்பர் ஒருவரிடம் அவரை அனுப்பினேன். பத்துப் பதினைந்து ஆண்டுகள் எனக்கு இளையவரிடம் என் நோயாளியை ஒப்படைப்பது அன்று எளிதாக இருக்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

பின்னொரு நாள் அந்த அம்மையாரைச் சங்கத்தின் கூட்டம் ஒன்றில் கண்டேன். இரு கால்களையும் காட்டி, "இது நீங்கள் கொடுத்த கால், இது என் கால்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனினும் அச்சொல் இன்றும் என்னை விட்டு அகலவில்லை. ஒருவர் அனுபவம் சான்றாகிவிடாது என்பதை அறிவேன். முழு மாற்றத்தால் மனநிறைவோடு நடப்போர் இந்த அவையிலேயே பலர் இருக்கின்றனர். நான் வருந்துவது முழு மாற்றம் செய்ததற்காக அன்று. வேறு வழி உண்டா என்று அன்றைக்கு எண்ணியும் பாராததற்காக.

இச்சிகிச்சை எல்லாருக்கும் ஏற்றதன்று. மூட்டு முழுவதும் தேய்ந்தவர்க்கும், முடக்குவாதத்தால் மூட்டு அழிந்தவர்க்கும் முழு மாற்றமே தகும்; முன் குறுக்குத் தசைநார் அறுந்தவர்க்கும் பெரும்பாலும் அவ்வாறே. தொடைத் தசைக்கான பயிற்சியாலும் எடைக் குறைப்பாலும் வலி தணியக்கூடியவர்க்கு இப்போது அறுவையே வேண்டா. பகுதி மாற்றம் செய்துகொண்டவர்க்கும் பின்னாளில் மற்ற அறைகள் தேயக்கூடும் என்பதை மறத்தலாகாது.

ஆகவே, அறுவைக்கு முன் உங்கள் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் முழங்காலில் எந்த அறை பழுது, எது நலம்? பகுதி மாற்றம் எனக்குப் பொருந்துமா, பொருந்தாதெனில் ஏன்? ஆண்டுக்கு எத்தனை பகுதி மாற்றங்களைத் தாங்கள் செய்கிறீர்கள்? டாக்டரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பெரியவர்கள் கருதுகின்றனர். அந்த ஆசிரியையும் அவ்வாறே கருதி, அன்று என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நானும் ஒரு கணம் நின்று எண்ணியிருப்பேன்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு இப்படிகளை ஏறி நம் மூத்தோர் பலர் வந்து முன்வரிசையில் அமர வேண்டும் என்று விழைகிறேன். அதற்குள் மேடையருகே ஒரு சாய்தளம் அமைக்கவும் சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு அறுவை எதுவும் தேவையில்லை.