நடுவயதில் ஒரு மாணாக்கர்



“இந்த வயதில் எனக்கென்ன படிப்பு, சாமி?” என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. புனித இஞ்ஞாசியாரைப் பாருங்கள். போர் வீரராயிருந்த அவருடைய காலை 1521-இல் பாம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு முறித்தது. நோய்ப்படுக்கையில் வாசித்த ஞானநூல்கள் அவர் மனத்தைத் திருப்பின. ஆன்மாக்களுக்கு உதவக் கல்வியும் வேண்டுமென்று உணர்ந்து, 33 வயதில் பார்சலோனா நகரில் இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார்.

பாடத்தை மனப்பாடம் செய்ய அமர்ந்தால் பக்தியான எண்ணங்கள் பொங்கி வந்து படிப்பைக் கெடுத்தன. ஜெப வேளையில்கூட வராதவை இப்போது வருவானேன் என்று ஆராய்ந்து, அது சோதனையே என்று கண்டுகொண்டார். அப்பமும் தண்ணீரும் கிடைக்கும்வரை இரண்டாண்டுகள் வகுப்பைத் தவறவிடுவதில்லை என்று ஆசிரியரிடம் வாக்களித்தார்.

1528-இல் பாரிஸ் சென்றபோது, அடிப்படை போதவில்லை என்று கண்டு, சிறுவர்களோடு அமர்ந்து மீண்டும் இலத்தீன் படித்தார். நாற்பதைத் தாண்டிய பிறகே, 1535-இல், முதுகலைப் பட்டம் பெற்றார். இயேசு சபை 1540-இல் திருத்தந்தையின் அங்கீகாரம் பெற்றது.

அன்பர்களே, கெட்ட சாக்குகளை விட நல்ல சாக்குகளே நம்மை அதிகம் தடுக்கின்றன. குடும்பப் பொறுப்பு, கோயில் வேலை எல்லாம் நல்லவைதாம். ஆனால் அவற்றின் பின்னே நம் கூச்சம் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்போம். கையெழுத்துப் போடக் கற்க விரும்பும் தாயும், புதுத்தொழில் பழக வேண்டிய தந்தையும் இந்த ஆண்டிலேயே தொடங்கட்டும். பெற்ற பிள்ளையிடம் கேட்டுக் கற்பதும் இழிவல்ல, அதுவும் தாழ்ச்சியே.