பந்தயச் சைக்கிளும் காற்றும்

பெங்களூர், புனே, தில்லி முதலிய நகரங்களில் வேலை பார்க்கும் நம் இளைஞர் பலரிடம் சைக்கிள் பந்தயத்தில் ஆர்வம் வளர்ந்திருக்கிறது. விடுமுறை நாளில் பொழுது புலருமுன் எழுந்து, நந்தி மலைச் சாலையிலும் சிம்ஹகட் சாலையிலும் பயிற்சி செய்கிறார்கள். பந்தயம் அவர்களுக்குத் தொழில் அன்று. சம்பளத்தில் வாடகையும் ஊருக்கு அனுப்பும் தொகையும் போக மிஞ்சுவதைக் கொண்டே சைக்கிள் வாங்க வேண்டும். காற்றைப் பிளந்து செல்லும் வடிவுடையது என்று விற்கப்படும் கார்பன் சட்டகமோ பல மாதச் சேமிப்பை விழுங்க வல்லது. அதை வாங்குவது தகுமா, வாங்கினால் எவற்றைப் பார்த்து வாங்குவது என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

சமதளச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. சாலையின் உராய்வும் சங்கிலியின் உராய்வும் கொள்வது சிறு பங்கே. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. அதை வெல்வதற்கு வேண்டிய திறனோ வேகத்தின் கனத்துக்கு ஏற்ப வளர்கிறது. 30 கிலோமீட்டர் வேகத்தை 40 ஆக்கினால், கூடியது மூன்றில் ஒரு பங்கு வேகந்தான். ஆனால் காற்றுக்குக் கொடுக்கும் திறன் ஏறத்தாழ 2.4 மடங்காகிவிடுகிறது. வேகம் மிகுந்தோறும் காற்றே தலையாய பகைவனாவது இதனால்தான்.

இனிச் சட்டகத்தின் வடிவத்துக்கு வருவோம். பழைய சைக்கிள்களின் குழாய்கள் உருண்டையானவை. உருண்டைக் குழாயில் மோதிய காற்று இருபுறமும் பிரிந்து செல்கிறது. ஆனால் பின்புறத்தில் ஒழுங்காக ஒன்றுசேர முடிவதில்லை. அங்கே சுழல்கள் தோன்றி, அழுத்தம் குறைந்து, குழாயைப் பின்னோக்கி இழுக்கின்றன. மீனின் உடலைப் போல முன்னே பருத்துப் பின்னே மெலிந்த வடிவமாயின் காற்று அமைதியாகக் கூடிக் கொள்கிறது. இழுப்பும் பல மடங்கு குறைகிறது. ஆனால் அவ்வளவு நீண்ட வாலைக் குழாய்க்குக் கொடுத்தால் எடை கூடும். பக்கக் காற்றும் வண்டியைத் தள்ளும். வாலை இடையிலேயே வெட்டிவிட்டாலும் நன்மையில் பெரும்பங்கு எஞ்சும் என்பது 1930களில் மோட்டார் வண்டிகளை ஆராய்ந்த வூனிபால்ட் காம் என்ற ஜெர்மானியப் பொறியாளரின் பெயரோடு வழங்கும் கொள்கை. இன்றைய பந்தயச் சட்டகங்கள் பலவற்றில் குழாயின் பின்புறம் தட்டையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆயினும் காற்று சட்டகத்தின்மேல் மட்டுமா மோதுகிறது? வண்டியும் ஆளும் சேர்ந்து சந்திக்கும் எதிர்ப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஓட்டுபவரின் உடலுக்கே உரியது. எஞ்சிய பங்கைச் சக்கரங்களும் கைப்பிடியும் சட்டகமும் பிறவும் பகிர்ந்து கொள்கின்றன. இந்த உண்மையை மறந்தால் நம் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும்.

1989-ஆம் ஆண்டுப் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தின் கடைசி நாள் இதற்கு நல்ல சான்று. லாரன் ஃபிஞோன் 50 விநாடி முன்னணியில் இருந்தார். வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் தூரம் தனித்தனியே ஓட்ட வேண்டியிருந்தது. அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் முழங்கைகளை ஊன்றிக் கைகளை முன்னே நீட்டும் கைப்பிடியைப் பயன்படுத்தினார். ஃபிஞோன் அதைப் பயன்படுத்தவில்லை. லெமாண்ட் அன்று 58 விநாடி மிச்சப்படுத்தி, முழுப் பந்தயத்தையும் 8 விநாடியில் வென்றார். வெற்றிக்குப் பல காரணங்கள் இருக்கலாம். உடலைக் குறுக்கிய அந்தக் கைப்பிடி அவற்றுள் முதன்மையானதாகவே கருதப்படுகிறது.

இன்னொரு சான்று கிறிஸ் போர்ட்மன் என்ற ஆங்கிலேயருடையது. 1996-இல் கைகளை நேரே முன்னே நீட்டிய நிலையில், தனி வடிவமுள்ள வண்டியில், ஒரு மணி நேரத்தில் 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். பிறகு, பழைய வகை வண்டியில் பழைய முறைப்படி அமர்ந்தே இச்சாதனையைச் செய்ய வேண்டும் என்று உலகச் சைக்கிள் சங்கம் விதித்தது. 2000-இல் அவ்விதிப்படி அவரே ஓட்டியது 49.441 கிலோமீட்டர். எடி மெர்க்ஸ் 1972-இல் ஓட்டியதைவிடப் பத்து மீட்டரே அதிகம்! போர்ட்மனுக்கு நான்கு வயது கூடியிருந்தது மெய்யே. எனினும் ஏழு கிலோமீட்டர் குறைவு வயதினால் மட்டும் வந்ததன்று.

ஆகவே சட்டகம் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது குழாயின் வடிவத்தை அன்று. தம் உடலுக்குப் பொருந்தும் அளவை. பெடல்களைத் தாங்கிச் சுழலும் நடு அச்சிலிருந்து சட்டகத்தின் தலைக்குழாயின் மேல்முனை எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னே என்ற இரண்டு அளவுகளை ஸ்டாக், ரீச் என்று கடைக்காரர் கூறுவர். தொழில்முறை வீரருக்காக மிகத் தாழ்வாக அமைத்த சட்டகத்தில், நாள் முழுதும் மேசை முன் அமர்ந்து வேலை செய்பவர் கால்மணி நேரம் குனிந்திருப்பதே அரிது. பிறகு முதுகு வலித்து நிமிர்ந்துவிடுவார்; நிமிர்ந்த மார்பு பிடிக்கும் காற்று, குழாய் மிச்சப்படுத்தியதை எல்லாம் அழித்துவிடும்.

இரண்டாவது, விளம்பரக் கணக்கைப் படிக்கும் முறை. இத்தனை வாட் மிச்சம் என்று கூறும் சோதனை பெரும்பாலும் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பது. நம் வேகம் 35 ஆனால், கன விதிப்படி அந்த மிச்சத்தில் பாதிக்கும் குறைவே நமக்குக் கிட்டும். மெதுவாகச் செல்பவர் சாலையில் அதிக நேரம் இருப்பதால், மிஞ்சும் விநாடிகள் அந்த அளவுக்குக் குறைவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மொத்த எதிர்ப்பில் நூற்றுக்கு மூன்று பங்கு குறைந்தால், ஒரு மணி நேரத் தனிப் பந்தயத்தில் ஏறத்தாழ அரை நிமிடம் மிஞ்சும். கூட்டத்தின் நடுவே, பிறர் முதுகின் மறைவில் ஓடும்போது இந்த இலாபம் சுருங்கிவிடும்.

மூன்றாவது, எடை. மலையேற்றத்தில் வடிவத்தைவிட எடை முக்கியம் என்பது சரியே. ஆனால் ஆளும் வண்டியும் 80 கிலோ என்று கொள்வோம். 300 கிராம் கூடினால், அரை மணி நேர ஏற்றத்தில் இழப்பது ஆறு, ஏழு விநாடிகளே. காற்று வடிவச் சட்டகத்துக்கும் மெல்லிய சட்டகத்துக்கும் இன்றுள்ள வேறுபாடு பெரும்பாலும் சில நூறு கிராம்களே. சமதளத்திலும் ஏற்றத்திலும் கலந்து ஓடுபவர் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

நான்காவது, பராமரிப்பு. நம்மவர் பலர் ஊர் மாறும் உத்தியோகத்தில் இருப்பவர்கள். சைக்கிள் இரயிலில் பார்சலாகப் போக வேண்டியிருக்கும். பிரேக் குழாய்கள் கைப்பிடிக்குள்ளேயே ஓடும் சட்டகம் காற்றுக்கு நல்லது; கழற்றிக் கட்டுவதற்குத் தொல்லை. தலைப்பகுதியின் பேரிங்கை மாற்றுவதற்கே பிரேக் எண்ணெய்க் குழாயைக் கழற்ற நேரிடலாம். இருக்கைத் தண்டு தனி வடிவமாயின், அந்தக் கம்பெனியின் பொருளே வேண்டும். அது நம் நகரத்தில் கிடைக்கிறதா என்று முன்னரே கேட்டறிக. நம் சாலைகளுக்கு 28 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் நுழையும் இடமும் இருக்க வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. புகழ்பெற்ற பெயரைப் பொறித்த போலிக் கார்பன் சட்டகங்கள் நம்ப முடியாத மலிவில் விற்கப்படுகின்றன. கார்பன் வளைந்து எச்சரிப்பதில்லை. திடீரென்று முறியக் கூடியது. இறக்கத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஃபோர்க் முறிந்தால் நேர்வதை விளக்க வேண்டியதில்லை. பழைய சட்டகம் வாங்குவோரும் அறிந்தவரிடம் காட்டி, விரிசல் இல்லையென்று தெளிந்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

பணம் அளவோடு இருப்பவர் செலவிட வேண்டிய வரிசை இதுதான்: முதலில் உடலுக்கேற்ற அளவு, அடுத்து, குனிந்து ஓடும் பயிற்சி, அதற்குக் காசு வேண்டாம், பிறகு உடலோடு ஒட்டிய சட்டை, நல்ல தலைக்கவசம், நல்ல டயர். இவையெல்லாம் அமைந்த பின்னும் விநாடிகள் தேவைப்பட்டால் அப்போது காற்று வடிவச் சட்டகத்தை நாடலாம். அது பொய்யான பொருள் அன்று. ஆனால் அதன் முறை கடைசியில் வருவது. ஊரிலிருந்து மணியார்டரை எதிர்பார்த்த காலம் போய், ஊருக்குப் பணம் அனுப்பும் நிலைக்கு வந்திருக்கும் இளைஞர்கள், அந்தப் பணத்தின் அருமை அறிந்து செலவிடுவார்கள் என்று நம்புகிறோம்.