அரித்த மண்ணை அரித்தவர்கள்



காவிரிக்குப் பொன்னி என்று பெயர் சூட்டியவர் நம் முன்னோர். ஆறு பொன் சுமக்கும் என்பது நமக்குப் புதிதன்று. ஆனால், பொழுதுபோக்கிற்காகவே ஆற்றிலிறங்கிப் பொன் அரிப்போரும் உளர். நியூசிலாந்தின் தென்தீவிலே, அரோ ஆற்றங்கரையிலே, இக்காட்சியை இன்றும் காணலாம். அரோடவுன் என்னும் சிற்றூரில் தட்டொன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு எவரும் இறங்கலாம், அனுமதிப்பத்திரம் தேவையில்லை. கைக்கருவிகள் மட்டுந்தான், இயந்திரம் கூடாது.

சரளை மண்ணைத் தட்டிலிட்டு, நீரில் அமிழ்த்தி, மெல்லச் சுழற்ற வேண்டும். இரத்தினபுரியிலே மாணிக்க மண்ணைக் கூடையிலிட்டுச் சுழற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த லாவகம் புரியும். மணலினும் பொன் ஏறத்தாழ ஏழு மடங்கு கனமானது. மணல் விளிம்பால் வழிந்தோட, பொன் அடியிலே தங்கிவிடும். கடைசியில் எஞ்சுவது ஒரு சிட்டிகை கருமணல். அதிர்ஷ்டமிருந்தால் அதனுள்ளே ஒரு மினுக்கம். அதற்கே சிறுவர்கள் கூச்சலிடுவார்கள். மகிழட்டும்!

ஆனால் இதே சுழற்றல் ஒரு காலத்தில் விளையாட்டாக இருக்கவில்லை. 1862இல் இந்த ஆற்றிலே பொன்னை முதலிற் கண்டவராகச் சொல்லப்படுபவர் ஜாக் தேவா என்னும் மாவோரித் தொழிலாளி. ஊருக்கு முதலில் வாய்த்த பெயரோ ஃபொக்ஸ் என்னும் வெள்ளையருடையது! எளிதிற் கிடைத்ததை வாரிக்கொண்ட கூட்டம் விரைவிலேயே வேறு களம் தேடிப் போயிற்று. கடைத்தெரு வெறிச்சோடுமே என்று கவலைப்பட்ட ஒட்டாகோ மாகாணத்தார், 1865இல் சீனரை அழைத்தனர். மறு ஆண்டு முதல் வந்து சேர்ந்தவர்கள், பிறர் அரித்துக் கழித்த மண்ணையே மீண்டும் பொறுமையாக அரித்தார்கள்.

அழைத்தவர்களே பின்னர் முகஞ்சுளித்தனர். 1881இல் நாட்டுக்குள் வரும் சீனருக்கு 10 பவுண் தலைவரி. 1896இல் அது 100 பவுண். 1898இன் முதியோர் உதவிச் சட்டமும் அவர்களை விலக்கியது. அவ்விலக்கு நீங்கியது 1936இலேதான். உழைப்புக்கு வேண்டியவர் உரிமைக்கு வேண்டாதவராகும் இந்தக் கதை, மலையகத்தை அறிந்த நமக்கு விளங்காததன்று.

2002இல் பிரதமர் ஹெலன் கிளார்க் தலைவரிக்காகச் சீனரிடம் மன்னிப்புக் கேட்டார். அரோடவுனில் புஷ் ஓடையருகே அவர்களுடைய குடிசைகள் சில, செப்பனிடப்பட்டு நிற்கின்றன. ஓர் அடுப்பு, ஒருவர் படுக்க இடம், அவ்வளவுதான்.