‘முதல் இந்தியர்’ என்பதற்குப் பிறகு



2019 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. ஜப்பானில் ஃபியூஜி மலையடிவாரத்தில் ஒரு கார் பந்தயம். ஜப்பானில் பேர்பெற்ற சூப்பர் ஜி.டி. கார்களையும், ஜெர்மனியில் பேர்பெற்ற டி.டி.எம். கார்களையும் ஒரே டிராக்கில் இறக்கிவிட்டிருந்தார்கள். ஹோண்டா, நிசான், லெக்ஸஸ் ஒரு பக்கம். ஆடி, பி.எம்.டபிள்யூ. மறுபக்கம். அன்றைய பந்தயத்தில் முதலில் கோட்டைக் கடந்தது ஒரு ஹோண்டா. ஓட்டியவர் நம்ம கோயம்புத்தூர்க்காரர், நரேன் கார்த்திகேயன். அப்போது அவருக்கு வயது 42.

பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் ஒரு வரி நினைவுக்கு வரும். ‘ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர்.’ பள்ளிக்கூட வினாடி வினாவில் வரும், போட்டித் தேர்வில் வரும். விடை எழுதினால் ஒரு மதிப்பெண். அந்த ஒரு மதிப்பெண்ணோடு நாம் அவரை விட்டுவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். அவர் ஃபார்முலா ஒன்னுக்குப் போனது 2005இல். ஃபியூஜியில் ஜெயித்தது அதற்கு 14 ஆண்டுகள் கழித்து. இடைப்பட்ட காலத்தில் அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார்? அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் அவர் ஃபார்முலா ஒன்னுக்கு ஏறிய ஏணியைப் பார்த்துவிடுவோம். நரேனின் அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். ஆகவே வீட்டிலேயே பந்தயப் பேச்சு. 1992இல், 15 வயதில், பிரான்சில் உள்ள எல்ஃப் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளியில் பயிற்சி. ஊர் திரும்பியதும் ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் ஃபார்முலா மாருதி. நம்ம தெருவில் ஓடிய அதே மாருதி 800 காரின் இன்ஜினை, ஒற்றை ஆள் உட்காரும் பந்தய வண்டியில் பொருத்தி ஓட்டிய போட்டி அது. 1994இல் இங்கிலாந்தில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரில் பட்டம். 1996இல் ஃபார்முலா ஏசியா சாம்பியன். 1998 முதல் பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீ. 2001 ஜூன் மாதம் சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் அணியின் ஃபார்முலா ஒன் காரைச் சோதனைக்கு ஓட்டினார். அதே ஆண்டு ஜப்பான் போய் ஃபார்முலா நிப்பான் தொடரிலும் ஓட்டினார்.

இந்த ஏணியில் ஏறுகிற பிள்ளைகளுக்கு ஒரு விசித்திரமான பாடம் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. உன் அணியில் உன்னோடு ஓட்டுகிறவன்தான் உன் முதல் எதிரி. ஏன்? வேறு அணிக்காரனிடம் தோற்றால், வண்டி சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். சொந்த அணிக்காரன் ஓட்டுவதும் உன்னுடையதைப் போன்ற வண்டிதான். அவனிடம் தோற்றால் சாக்குச் சொல்ல இடமே இல்லை. அடுத்த படிக்கு ஏறுவது அவனா நீயா என்பது அங்கேயே முடிவாகிவிடும். பத்து வருஷம் இப்படியே வளர்கிற பையனுக்கு, தோள் கொடுக்கிற புத்தி எங்கிருந்து வரும்?

திறமை இருந்தாலும் பணம் வேண்டும் என்பது இந்த விளையாட்டின் இன்னொரு உண்மை. டயர், இன்ஜின், மெக்கானிக், பயணம் என்று எல்லாவற்றுக்கும் காசு. நரேனுக்கு டாடா நிறுவனம் கைகொடுத்தது. 2005 மார்ச் 6ஆம் தேதி மெல்போர்னில் ஜோர்டான் அணிக்காகப் பந்தயத்தில் இறங்கி, 15ஆவதாக முடித்தார். அந்த ஆண்டு ஜூனில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் டயர் பாதுகாப்புப் பிரச்சினையால் 14 கார்கள் தொடக்கத்திலேயே ஒதுங்கிக்கொண்டன. மீதி ஆறு கார்கள்தான் ஓடின. நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி எடுத்தார். இந்திய ஓட்டுநர் ஒருவர் ஃபார்முலா ஒன்னில் எடுத்த புள்ளிகள் இன்றுவரை அவ்வளவுதான். 2011இல் டெல்லி அருகே புத் டிராக்கில் நடந்த முதல் இந்தியன் கிராண்ட் பிரியில் 17ஆவதாக வந்தார். அன்று அவருக்குப் பின்னால் வந்தவர், அவருடைய அப்போதைய அணியின் டேனியல் ரிக்கியார்டோ. பின்னாளில் பல கிராண்ட் பிரிகளை வென்றவர்.

நம் பத்திரிகைகளில் கதை பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். உச்சிக்குப் போனார், இறங்கினார், சுபம். ஆனால் கார் பந்தயத்துக்கு இன்னொரு உச்சி இருக்கிறது. அங்கே ஆட்டத்தின் குணமே வேறு.

பிரான்சில் லெ மான் என்று ஒரு நகரம். 1923ஆம் ஆண்டிலிருந்து அங்கே 24 மணி நேரப் பந்தயம் நடக்கிறது. ஒரு நாள் மாலை தொடங்கி மறுநாள் அதே நேரத்தில் முடியும். ஒரு சுற்று 13.6 கிலோமீட்டருக்கு மேல். நன்றாக ஓடுகிற கார் அந்த ஒரு நாளில் 5,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஒரே ஆள் ஓட்ட முடியாது. ஓட்ட விடவும் மாட்டார்கள். ஆறு மணி நேரத்துக்குள் ஒருவர் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது. மொத்தத்தில் 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. எனவே ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர்கள்.

நம்ம பெண்ணாடம் ரயில் நிலையத்தில் நின்றால், சென்னையிலிருந்து திருச்சிப் பக்கம் போகிற எக்ஸ்பிரஸ் வண்டிகள் நிற்காமல் கடந்து போவதைப் பார்க்கலாம். சென்னையில் ஏறிய டிரைவரேதான் கன்னியாகுமரி வரை ஓட்டுவார் என்று யாரும் நினைப்பதில்லை. வழியில் ஆள் மாறுவார், வண்டி ஓடும். நெடுந்தூரப் பந்தயமும் அந்தக் கணக்குதான்.

ஆள் மாறுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் நிற்கிற இடமான பிட்டுக்குள் கார் வந்து நிற்கும்போதே உள்ளே இருப்பவர் தன் பெல்ட்டைத் தளர்த்தியிருப்பார். கதவு திறக்கும். வெளியே குதிப்பார். தன் முதுகுக்கு ஏற்றபடி செய்த மெத்தையை உருவிக்கொண்டு வருவார். அடுத்தவர் தன் மெத்தையோடு உள்ளே போய் உட்காருவார். இப்போது இறங்கியவர் ஓடிவிட மாட்டார். குனிந்து, புதியவரின் தோள் பெல்ட்டை இழுத்து மாட்டுவார், ரேடியோ ஒயரைச் செருகுவார், குடிக்கிற தண்ணீர்க் குழாயைக் கொடுப்பார். அந்தச் சில விநாடிக்குள், எந்த வளைவில் எண்ணெய் கொட்டியிருக்கிறது, பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று காதில் போட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். யாரை முந்துவதற்காக வாழ்நாளெல்லாம் பயிற்சி எடுத்தாரோ, அந்தச் சக அணிக்காரருக்குத் தன் கையாலேயே பெல்ட் மாட்டிவிடுகிறார்! அதோடு முடியவில்லை. காரின் ஸ்பிரிங், இறக்கை, பிரேக் எல்லாம் மூவருக்கும் ஒத்துவர வேண்டும். தனக்கு மிகவும் பிடித்த மாதிரி யாருமே வைத்துக்கொள்ள முடியாது. மூவரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்த கார்தான் ஜெயிக்கும் கார்.

வேகம் மட்டும் போதாது என்பதற்குக் கமுயி கோபயாஷியைச் சொல்லலாம். ஜப்பானில் அமகசாகி ஊரில் சுஷி உணவகம் நடத்துபவரின் மகன். டொயோட்டா நிறுவனத்தின் ஆதரவில் சின்ன ஃபார்முலாக்களில் வளர்ந்து, 2009இல் ஃபார்முலா ஒன்னுக்கு வந்தார். அந்த ஆண்டோடு டொயோட்டா ஃபார்முலா ஒன்னை விட்டே வெளியேறியது. வேறு அணிக்குப் போய், 2012இல் சொந்த நாட்டு சுசுகா டிராக்கில் மூன்றாம் இடம் பிடித்தார். பிறகு டொயோட்டாவின் நெடுந்தூரப் பந்தய அணிக்கு வந்தார். 2017இல் லெ மான் தகுதிச் சுற்றில் 3 நிமிடம் 14.791 விநாடியில் ஒரு சுற்று. சராசரி வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 252 கிலோமீட்டர். அதுவரை அங்கே யாரும் காணாத வேகம்.

பந்தயத்தில் என்ன ஆயிற்று? நள்ளிரவை ஒட்டி, முன்னணியில் இருந்த அவருடைய கார் பிட்டிலிருந்து வெளியேறக் காத்திருந்தது. சிவப்பு விளக்கு. ஆரஞ்சு உடையில் ஓடிவந்த ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பந்தய அதிகாரி போகச் சொல்கிறார் என்று நினைத்து கோபயாஷி கிளம்பினார். வந்தவர் அதிகாரி இல்லை. வேறு அணியின் ஓட்டுநர். வாழ்த்துச் சொல்ல வந்தவர்! உடனே ‘நில்’ என்று ரேடியோவில் உத்தரவு. நிறுத்தி, கிளப்பி, மறுபடி நிறுத்தி. அப்படிக் கிளப்புவதற்கு அந்தக் காரின் கிளட்ச் செய்யப்படவில்லை. சிறிது நேரத்தில் கிளட்ச் போயே போய்விட்டது. சாதனை படைத்த கார், பந்தயத்தை முடிக்கவில்லை. அதே மனிதர் நான்கு ஆண்டு கழித்து, 2021இல், இரண்டு கூட்டாளிகளோடு லெ மானை ஜெயித்தார். இடையில் அவர் கற்றது இன்னும் வேகமாக ஓட்டுவதை அல்ல, விடிகிற வரைக்கும் ஒரு வண்டியை உயிரோடு வைத்திருப்பதை.

வண்டியை உயிரோடு வைத்திருப்பது என்றால், நம்ம பக்கத்துப் பொருள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தரும் அரசு நிறுவனமும் இருக்கிறது. பீங்கான் என்றால் அகல் விளக்கும் பொம்மையும் டீ கோப்பையும்தான் நமக்கு ஞாபகம் வரும். மெக்கானிக் கடையில் ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கை வாங்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாகக் குழாய் மாதிரி இருக்கிறதே, அதுவும் பீங்கான் இனம்தான். அலுமினா என்கிற பொருளைப் பொடியாக்கி, அழுத்தி, சூளையில் சுட்டெடுத்தது. பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் வேறு பக்கம் பாயாமல் தடுத்து, நுனியில் மட்டும் பொறி தட்ட வைப்பது அதுதான். நிமிடத்துக்கு 8,000 சுற்று ஓடுகிற நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு பிளக் 4,000 முறை பொறி விட வேண்டும். 24 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 57 லட்சத்து 60 ஆயிரம். ஒவ்வொரு பொறிக்கும் நெருப்பின் சூடு, அடுத்த கணமே குளிர்ந்த காற்று. விரிசல் விடாமல் தாங்க வேண்டும். உலகம் முழுக்க ஓடுகிற என்.ஜி.கே. பிளக்கைச் செய்யும் நிறுவனம், ஜப்பானின் நகோயா நகரில் மின்கம்பிகளுக்குப் பீங்கான் இன்சுலேட்டர் செய்துவந்த கம்பெனியிலிருந்து 1936இல் பிரிந்து வந்தது. பீங்கான் ஊர் ஒன்று எதுவரை போகலாம் என்பதற்கு அது சாட்சி.

சரி, நரேனுக்கு வருவோம். 2009இல் அவருக்கு லெ மான் வாய்ப்பு வந்தது. டீசலில் ஓடும் ஆடி ஆர் 10 கார். உடன் ஓட்ட ஜெர்மனியின் ஆந்த்ரே லாட்டரர், நெதர்லாந்தின் சார்ல்ஸ் ஸ்வால்ஸ்மன். பந்தயம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பிட் சுவரைத் தாண்டும்போது நரேன் தடுமாறி விழுந்தார். தோள்பட்டை இறங்கிவிட்டது. வண்டி ஓட்டவே முடியாத நிலை. மற்ற இருவரும் மூன்று பேர் வேலையை இரண்டு பேராகப் பங்குபோட்டு, 24 மணி நேரமும் ஓட்டி, ஏழாவது இடம் பிடித்தார்கள். லாட்டரருக்கு அதுதான் முதல் லெ மான். மறுவருஷமே ஆடி தன் சொந்த அணிக்கு அவரை எடுத்துக்கொண்டது. பிறகு மூன்று முறை லெ மானை வென்றார். ஒருவர் விழுந்த இடத்தில் இன்னொருவர் வாழ்க்கை தொடங்கியது. லெ மானில் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெயர் 2012இல் இன்னொரு தமிழ்நாட்டுக்காரருக்குப் போனது. சென்னையின் கருண் சந்தோக். அவருடைய கார் அந்த ஆண்டு ஆறாவதாக வந்தது.

நரேன் அதோடு ஓயவில்லை. 2014இல் 37 வயதில் மீண்டும் ஜப்பான் போனார். அவர் முன்பு ஓட்டிய ஃபார்முலா நிப்பான் அதற்குள் சூப்பர் ஃபார்முலா என்று பெயர் மாறியிருந்தது. ஐந்து பருவங்கள் அங்கேயே ஓட்டினார். கடைசிக் காலம் நகஜிமா அணியில். அணியின் தலைவர் சதோரு நகஜிமா, 1987இல் லோட்டஸ் அணியில் அயர்டன் சென்னாவுக்குக் கூட்டாளியாக ஓட்டியவர். அவர் மகன் கசுகி நகஜிமாவும் நரேனும் 2007இல் வில்லியம்ஸ் அணியில் சோதனை ஓட்டுநர்களாக இருந்தவர்கள். கசுகி பிற்பாடு 2018, 2019, 2020 என்று தொடர்ந்து மூன்று முறை லெ மானை வென்றார்.

2019இல் நரேன் சூப்பர் ஜி.டி.க்கு மாறினார். ஒரு காருக்கு இரண்டு ஓட்டுநர், பந்தயம் 250 கிலோமீட்டர் முதல் 500 மைல் வரை. கூட்டாளி தடாசுகே மாகினோ, நரேனைவிட 20 வயது இளையவர். தொடக்கத்தில் சொன்ன ஃபியூஜி வெற்றி அந்த ஆண்டின் முடிவில் வந்ததுதான். 2021இல் துபாயிலும் அபுதாபியிலும் நடந்த ஏசியன் லெ மான் தொடரில், ரேசிங் டீம் இந்தியா என்ற அணியில் அர்ஜுன் மைனி, நவீன் ராவ் இருவரோடு சேர்ந்து நான்கு மணி நேரப் பந்தயங்களை ஓட்டினார்.

ஜப்பானில் ஒரு பையன் ஃபார்முலா ஒன்னுக்குப் போகாவிட்டாலும், போய்த் திரும்பினாலும், அவனுக்குச் சொந்த நாட்டிலேயே இருபது வருஷ வேலை இருக்கிறது. டொயோட்டாவும் ஹோண்டாவும் சின்ன வயதிலேயே எடுத்துப் பயிற்றுவிக்கின்றன. பிறகு ஓட்டத் தொடரும் வைத்திருக்கின்றன. நம்மிடம் ஏணி இருக்கிறது, ஏறி இறங்கியவர் நிற்கத் தளம் இல்லை. அதனால்தான் கோயம்புத்தூர்க்காரர் தன் தொழிலின் நீண்ட பகுதியை ஜப்பானில் செய்ய வேண்டியிருந்தது. நமக்கும் அப்படி ஒரு தளம் வர நெடுந்தூரப் பந்தயமே நல்ல வழி என்பது என் எண்ணம். ஒரே காருக்கு மூன்று ஓட்டுநர் என்றால் செலவும் மூன்றாகப் பங்காகும். மூத்தவர் ஓட்டுகிற வண்டியிலேயே இளையவரும் ஓட்டிக் கற்கலாம். மெக்கானிக், டயர்க்காரர், கணக்குப் போடுகிற இன்ஜினியர், பிளக் பீங்கானைச் சுடத் தெரிந்தவர் என்று ஒரு காரைச் சுற்றிப் பலருக்கு வேலை இருக்கும்.

லெ மான் பந்தயம் பெரும்பாலும் ஜூன் மாதத்தில் வரும். பிள்ளைகளோடு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பாருங்கள். யார் முதலில் போகிறார் என்பதைத் திரையே சொல்லிவிடும். இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு எந்த நிலையில் வண்டியைக் கொடுக்கிறார் என்பதை நீங்கள்தான் கவனித்துச் சொல்ல வேண்டும். பந்தயத்தில் ஜெயிப்பதும் அங்கேதான், தோற்பதும் அங்கேதான்.